மட்டாஞ்சேரி குடித்த ஆறுகள்

டச்சுக்காரர்கள் ஆண்ட கொச்சியில் ஒரு பீப்பாய் குடிநீரின் விலை ஆறு பென்ஸ். வீட்டு வாசல்வரை கொண்டுவந்து இறக்கும் கூலியும் அதில் அடக்கம். கம்பெனி ஊழியர்களுக்கு மட்டும் இலவசம். கீழைக் கடல்களில் வணிகம் செய்து திரிந்த ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் ஹாமில்டன், 1727-ல் வெளியான தன் பயண நூலில் இந்தக் கணக்கை எழுதிவைத்திருக்கிறார். பத்துப் பன்னிரண்டு காலன், அதாவது நாற்பது ஐம்பது லிட்டர் கொள்ளும் சிறு பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு தினமும் படகுகள் வராப்புழாவுக்குப் போகும். பெரியாற்றின் கிளை ஒன்று காயலை நெருங்கும் இடத்தில் இருக்கும் ஊர் அது. அங்கே மொண்டு வந்த தண்ணீரைத்தான் கோட்டைக்குள் குடித்தார்கள்.

மேற்கே அரபிக்கடல், கிழக்கே காயல், ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னைக்குக் கிடைப்பதுபோல் இரண்டு மடங்கு. அப்படிப்பட்ட ஊரில் தண்ணீருக்கு விலை! கேரளத்தில் கிணறு இல்லாத வீட்டுமனை அபூர்வம். கொச்சியின் பழைய நகரப் பகுதியான மட்டாஞ்சேரியிலும் கிணறுகள் உண்டு. ஆனால் மழைக்காலத்தில் வாயில் வைக்க முடிகிற தண்ணீர் மாசி, பங்குனியில் கரிக்கும். கரிக்காத கிணற்றில் இரும்புச் சத்து ஏறி, ஊற்றி வைத்த பாத்திரத்தில் மஞ்சள் படியும். மிளகும் இஞ்சியும் வாங்க உலகமே தேடி வந்த ஊர், தன் மண்ணில் ஊறிய தண்ணீரை நம்பிக் குடித்த காலம் என்று ஒன்று அதிகம் இருந்ததில்லை.

ஐரோப்பியர்களுக்கு இதில் ஒரு கூடுதல் பயமும் இருந்தது. யானைக்கால் நோய் கொச்சியில் அவ்வளவு பரவலாக இருந்ததால், ஆங்கிலத்தில் அதற்குக் கொச்சிக்கால் என்றே பெயர் விழுந்துவிட்டது. கிணற்று நீரைக் குடித்தால் கால் வீங்கும் என்று நம்பினார்கள். ஆற்று நீரைப் படகில் கொண்டுவர டச்சுக்காரர்கள் செலவு செய்ததற்கு முக்கியக் காரணமே இந்த நம்பிக்கைதான். வேடிக்கை என்னவென்றால், இத்தனை முன்னெச்சரிக்கைக்குப் பிறகும் டச்சு ஆண்களும் பெண்களும் இந்த நோயால் அவதிப்பட்டதைத் தானே பார்த்ததாக அதே ஹாமில்டன் எழுதுகிறார். தண்ணீர்மேல் சுமத்திய குற்றம் பொய் என்பதற்கான சான்று அந்த ஒரு வரியிலேயே இருந்தது; யாரும் கவனிக்கவில்லை. 1877-ல் சீனத் துறைமுகமான அமோயில் பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் கொசுவின் வயிற்றில் யானைக்கால் புழுவைப் பார்த்த பிறகுதான் உண்மை துலங்கத் தொடங்கியது. கிணற்று நீர் நோயைத் தரவில்லை. ஆனால் அது உப்பு என்பது மட்டும் பொய்யில்லை.

ஏன் உப்பு? கடலோர மணலில் பெய்யும் மழை கீழிறங்கி, ஏற்கெனவே மண்ணுக்குள் இருக்கும் கடல்நீரின் மேல் எண்ணெய் போல மிதந்து நிற்கிறது. நன்னீர் எடை குறைவு, கடல்நீர் எடை அதிகம். இந்த மிதப்புக்கு ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே சுமார் நாற்பது அடி ஆழத்துக்கு அது உப்பைத் தள்ளி வைக்கும். மேலே ஓரடி வற்றினால் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறி வரும். 1880-களின் கடைசியில் ஆம்ஸ்டர்டாம் பக்கத்துக் கிணறுகளை ஆராய்ந்து இந்தக் கணக்கைச் சொன்னவர் படோன் கைபென். டச்சு ராணுவத்துப் பொறியாளர்! அவருடைய முன்னோர்கள் கொச்சியில் பீப்பாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது.

கடல் மட்டத்திலிருந்து ஓரிரு மீட்டர் உயரமே உள்ள மட்டாஞ்சேரி மண்ணில் அந்த நன்னீர்ப் படலம் மிக மெல்லியது. மேற்கே கடல், கிழக்கே காயல், நடுவில் கல்வத்தி, ராமேஸ்வரம் கால்வாய்கள் வழியாக ஓதம் ஏறி இறங்கும் உவர்நீர் என்று எல்லாப் பக்கமும் உப்பு. கோயில் குளங்களும் வீட்டுக் கிணறுகளும் அடுத்த மழை வரை தாக்குப் பிடித்தால் போதும் என்று வாழ்ந்த ஊர் இது.

கொச்சி என்ற துறைமுகமே வெள்ளத்தில் பிறந்தது என்பார்கள். 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம், சங்கப் பாடல்கள் கொண்டாடிய முசிறியின் துறையை மண்ணால் மூடி, தெற்கே கொச்சியில் புதிய முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. எதிரே வைப்பின் தீவு எழுந்த அந்த ஆண்டிலிருந்து ‘புதுவைப்பு’ என்று ஒரு சகாப்தமே கணக்கிடப்பட்டது. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சி அரச குடும்பமும் இங்கே வந்து சேர்ந்தது. 1555-ல் போர்த்துகீசியர்கள் மட்டாஞ்சேரியில் அரசருக்கு அரண்மனை கட்டிக் கொடுத்தார்கள். 1568-ல் பக்கத்திலேயே யூதர்களின் தொழுகைக்கூடம் எழுந்தது. கொங்கணிகள், குஜராத்திகள், தமிழர்கள் என்று வந்தவர்களெல்லாம் ஒரு கல் தொலைவுக்குள் குடியேறினார்கள். குடிக்க ஆறு வேண்டும் என்பதுதான் அத்தனை பேருக்கும் பொது.

அந்தக் காலத்து மழை எப்படி இருந்தது? சீனத் தளபதி செங் ஹேயின் கப்பல்களில் வந்த மா ஹுவான், பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பாதியில் கொச்சியின் மழையை மாதவாரியாகவே எழுதியிருக்கிறார். சீன நாட்காட்டியின் இரண்டாம், மூன்றாம் மாதங்களில் இரவில் ஓரிரு மழை. அதைக் கண்டதும் மக்கள் கூரையைச் செப்பனிட்டு, வீட்டுக்குத் தேவையான உணவுப் பொருளைச் சேர்த்து வைக்கிறார்கள். ஐந்தாம், ஆறாம் மாதங்களில் இரவும் பகலும் அடைமழை, தெருக்கள் ஆறாகின்றன, வெளியே யாரும் போக முடியாமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். எட்டாம் மாத நடுவில் வானம் வெளுத்தால் மறு ஆண்டு வரை ஒரு சொட்டு கிடையாது. கொஞ்சம் மிகைதான்; துலா மாத மழையை அவர் மறந்துவிட்டார். ஆனால் கூரை வேய்வதற்கும் தானியம் சேர்ப்பதற்கும் நாள் பார்த்துச் செய்யும் அளவுக்கு மழை சொன்னபடி வந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மழையின் ஒழுங்கை நம்பிப் பிழைத்தவர்களில் தமிழர்களும் உண்டு. ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற பகுதியில் வண்ணார் சங்கம் நடத்தும் சலவைக்கூடம் இன்றும் இயங்குகிறது. டச்சுப் படையினரின் உடுப்புகளை வெளுக்கத் தங்கள் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டார்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. உப்பு நீரில் சவுக்காரம் நுரைக்காது. காய்ந்த துணி விறைக்கும். எனவே அவர்கள் தங்கியதே குளமும் திடலும் இருந்த இடத்தில்தான். 1976-ல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் இப்போதைய கட்டடத்தைக் கட்டித் தந்தது. வரிசையாகத் துவைக்கும் அறைகள், அரிசிக் கஞ்சி, கரி போட்ட இஸ்திரிப் பெட்டி. பின்புறத் திடலில் கயிறு கட்டியிருக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு கயிறுகளை முறுக்கி இழுத்துக் கட்டி, முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். கிளிப்பே கிடையாது, கடற்காற்று எவ்வளவு அடித்தாலும் துணி பறக்காது. துவைக்க நல்ல தண்ணீர், காய வைக்க நம்பகமான வெயில் என்று இரண்டையும் பருவத்திடம் எதிர்பார்க்கும் தொழில் இது.

படகுத் தண்ணீரின் காலம் முடியத் தொடங்கியது 1914-ல். ஆலுவாவுக்கு அருகே பெரியாற்றங்கரையிலுள்ள சொவ்வராவிலிருந்து எர்ணாகுளத்துக்குக் குழாயில் தண்ணீர் வரத் தொடங்கியது. கேரளத்தின் முதல் குழாய்க் குடிநீர்த் திட்டங்களில் ஒன்று. டச்சுக்காரர்கள் மொண்ட வராப்புழாவைவிட இது ஆற்றில் மேலே இருந்தது. கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கொச்சியின் குடிநீர் வரலாறு என்பது, உப்பு ஏற ஏற, தண்ணீர் எடுக்கும் இடத்தை ஆற்றில் மேலே மேலே நகர்த்திக்கொண்டு போன கதை.

உப்பை உள்ளே அழைத்ததில் துறைமுகத்துக்கும் பங்குண்டு. 1920-ல் வந்து சேர்ந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, முகத்துவாரத்தின் குறுக்கே பெரிய கப்பல்களை மறித்துக் கிடந்த மணல்திட்டை வெட்டி வாய்க்கால் போட்டார். தோண்டிய மண் வில்லிங்டன் தீவாயிற்று. 1928 மே 26 அன்று ‘பத்மா’ என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. அன்றிலிருந்து தூர்வாருவது நிற்கவே இல்லை. வல்லார்பாடம் சரக்குப்பெட்டக முனையத்துக்கு வரும் கப்பல்களுக்கு இப்போது 14.5 மீட்டர் ஆழம் வேண்டும். ஆழமான வாசல் கப்பலுக்கு மட்டும் திறப்பதில்லை. கனமான உப்புநீர் அடியோடு ஊர்ந்து உள்ளே போகிறது. மழைக்காலத்தில் ஆறுகள் பெருகி வந்து காயலின் மேல்நீரை ஏறக்குறைய நன்னீராக்கிவிடும். ஆற்று நீர் குறைந்ததும் உப்பு திரும்பி ஏறும். எங்கே நிற்கும் என்பதை ஆற்றின் தள்ளுவிசைதான் முடிவு செய்யும்.

அந்தத் தள்ளுவிசை மலையிலேயே பங்கு போடப்பட்டுவிட்டது. பெரியாறு என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வருவது பென்னிகுக், 1886-ன் 999 ஆண்டு ஒப்பந்தம், 1895-ல் திறந்த முல்லைப்பெரியாறு அணை. மேற்கே ஓடிய ஆற்றின் தலைப்பகுதி நீர் அங்கே மலையைக் குடைந்து வைகைப் படுகைக்குத் திரும்புகிறது. தேனியும் மதுரையும் அதனால் வாழ்ந்தன. கேரளத்தில் பலரும் இதோடு பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். அதைவிடப் பெரிய திருப்பத்தைச் செய்தது கேரளமேதான். 1976-ல் இயங்கத் தொடங்கிய இடுக்கித் திட்டம் பெரியாற்று நீரைச் சுரங்கம் வழியே மூலமற்றம் மின்நிலையத்துக்குக் கொண்டுபோய், மின்சாரம் எடுத்த பிறகு தொடுபுழா வழியாக மூவாற்றுப்புழா ஆற்றில் விடுகிறது. வெள்ள காலம் தவிர, இடுக்கிக்குக் கீழே பெரியாற்றுக்கு, அதே திட்டத்தின் செறுதோணி அணை தரும் நீர் எதுவும் இல்லை. முதிரப்புழா, இடமலையாறு போன்ற துணையாறுகளின் மின்நிலையங்கள் விடும் தண்ணீர்தான் பூதத்தான்கெட்டு தடுப்பணை தாண்டி ஆலுவாவுக்கு வரும் கோடைப் பெரியாறு. மின்வாரியத்தின் தேவை குறைந்த நாளில் ஆறும் மெலியும்.

இதோடு மணல் கொள்ளை. வீடு கட்டும் வேகத்தில் பெரியாற்றின் படுகையை ஆண்டுக்கணக்கில் வாரி எடுத்ததில், கீழ்ப்பகுதியில் ஆற்றின் தரை கடல் மட்டத்துக்குக் கீழே இறங்கிப்போனது. உப்பு ஏற இதைவிட வசதியான பாதை கிடையாது. ஏலூர், இடையார் தொழிற்பேட்டைகளையும் ஆலுவாவின் நீரேற்று நிலையங்களையும் காப்பாற்ற, மழை முடிந்ததும் பாதாளம், மஞ்ஞும்மல், புறப்பிள்ளிக்காவு ஆகிய இடங்களில் ஆற்றின் குறுக்கே மணல் தடுப்பு போடுவது பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது. பிறகு மதகுகளோடு நிரந்தரக் கட்டுமானங்கள் வந்தன. தடுப்பு போடத் தாமதமானால் ஆலுவாத் தண்ணீரில் குளோரைடு ஏறும். உடனே பூதத்தான்கெட்டிலிருந்து தண்ணீர் திறக்கச் சொல்லிக் கடிதம் பறக்கும். மட்டாஞ்சேரியில் ஒருவர் குழாயைத் திறந்து தேநீருக்குத் தண்ணீர் பிடிப்பதற்குள் மூன்று துறைகள் பேசி முடித்திருக்க வேண்டும்.

மா ஹுவான் எழுதிய மழைக்காலம் கலைந்தது இந்தச் சூழலில்தான். இருபதாம் நூற்றாண்டு முழுவதற்குமான மழைக் கணக்கை ஆராய்ந்தவர்கள், கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை குறைந்து வருவதையும் பருவத்துக்குப் பிந்தைய மழை கூடுவதையும் காட்டியிருக்கிறார்கள். மொத்தத்தைவிட முக்கியம், மழை வரும் விதம். 2016-ல் தென்மேற்குப் பருவம் 34 சதவீதம் குறைந்தது; வடகிழக்குப் பருவம் 62 சதவீதம் குறைந்தது. மாநிலமே வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 2018 ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை இயல்பைவிட 42 சதவீதம் அதிக மழை. செறுதோணியின் மதகுகள் 1992-க்குப் பிறகு முதன்முறையாகத் திறந்தன. ஆலுவா மூழ்கியது; கொச்சி விமான நிலையம் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. 1924-ன் பெருவெள்ளத்துக்குப் பிறகு அப்படி ஒன்றைக் கண்டவர்கள் இல்லை. 2019 ஆகஸ்டில் மறுபடியும் வெள்ளம். அரபிக்கடல் சூடாவதால் கேரளக் கரையில் மேகங்கள் முன்பைவிட உயரமாகத் திரண்டு, சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கின்றன என்று அதை ஆராய்ந்த கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் விளக்கினார்கள்.

வெள்ளத்தைவிட வியப்பானது அதற்கடுத்த மாதம் நடந்தது. 2018 செப்டம்பரில் மழை அடியோடு நின்றுபோக, சில வாரங்களுக்கு முன் கரை புரண்ட ஆறுகளின் நீர்மட்டம் சரசரவென இறங்கியது. கேரளத்தின் பல பகுதிகளில் கிணறுகள் வற்றின. செப்டம்பரில் கிணறு வற்றுவது அங்கே கேள்விப்படாத சங்கதி. காரணத்தில் மர்மம் ஒன்றுமில்லை. மண் குடிப்பதற்கு நேரம் வேண்டும். நாற்பது நாள் தூறலாக வரும் மழை நிலத்தடிக்கு இறங்கும். அதே அளவு நான்கு நாளில் கொட்டினால் மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு கடலுக்குப் போய்விடும். ஆறு வெள்ளத்தில் காட்டும் பலம் கோடையில் உப்பைத் தள்ள உதவாது. உப்பைத் தள்ளுவது காட்டிலும் மேட்டிலும் ஊறி, தை மாசியில் கசிந்து வரும் ஊற்றுநீர். அதுதான் குறைகிறது.

மறுபக்கம் கடலும் நிற்கவில்லை. கொச்சித் துறைமுகத்தில் 1939 முதல் கடல் மட்டம் அளக்கப்படுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1.75 மில்லிமீட்டர் வீதம் அது உயர்ந்திருப்பதாக அந்தக் கணக்கை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் மொத்தம் ஒரு சாணுக்கும் குறைவு. சிறிதாகத் தெரியலாம். ஆனால் கொச்சியில் ஓதம் ஏறி இறங்கும் உயரமே அதிகம் போனால் ஒரு மீட்டர்தான். அதன்மேல் அரை அடி கூடினால், கால்வாய் ஓரத்து வீட்டின் படி எப்போதும் நனைந்தே இருக்கும். செல்லானம், கும்பளங்கி, இடக்கொச்சி, வைப்பின் கரைகளில் குளிர்கால அமாவாசை, பௌர்ணமி நாட்களில் மழையே இல்லாமல் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. சுவரில் உப்பு பூத்துக் காரை உதிர்கிறது. கொல்லைக் கிணறு கைவிடப்படுகிறது. உப்பு நிலத்தில் விளையும் பொக்காளி நெல்லுக்குக்கூட ஜூன் மழை வந்து வயலின் உப்பைக் கழுவித் தர வேண்டும். மழை பிந்தினால் விதைப்பும் பிந்தும். உப்போடு குடும்பம் நடத்தப் பழகிய பயிரே திணறுகிறது என்றால் கிணறுகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆலுவா மட்டும் போதாது என்றானபோது, மேற்குக் கொச்சிக்கு இன்னோர் ஆற்றிலிருந்து குழாய் வந்தது. பிறவத்துக்கு அருகே பாழூரில் மூவாற்றுப்புழா ஆற்றில் எடுத்து, மரடில் சுத்திகரித்து, அங்கிருந்து கொச்சிக் கரைக்கு. வரைபடத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு விந்தை தெரியும். மூவாற்றுப்புழா கோடையில் வற்றாமல் ஓடுவதற்குப் பெருங்காரணம், இடுக்கியிலிருந்து மூலமற்றம் வழியாக வந்து விழும் பெரியாற்று நீர். பெரியாறு போதாமல் கொச்சி வேறு ஆற்றுக்குப் போனது. போன இடத்திலும் அது குடிப்பது பெரியாற்றைத்தான்.

2023 ஜனவரியில் அந்தப் பாழூர் நிலையத்தின் மூன்று மோட்டார்களில் இரண்டு பழுதாகின. மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி, செல்லானம் எங்கும் வாரக்கணக்கில் குழாயில் காற்றுதான் வந்தது. லாரிகளுக்குப் பின்னால் குடங்கள் வரிசை கட்டின. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. இதைப் பருவநிலை மாற்றத்தின் தலையில் கட்ட முடியாது. அது மோட்டாரின் குற்றம், பராமரிப்பின் குற்றம். ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இப்படி நடந்திருந்தால் தெருக்கோடிக் கிணறும் கோயில் குளமும் சில நாளாவது கை கொடுத்திருக்கும். இப்போது அவை உப்பாகவோ சாக்கடையாகவோ மாறிவிட்டன. மாற்று வழி இல்லாத ஊரில் ஒரு மோட்டார் நின்றாலே பஞ்சம்.

உப்பு ஏறினால் தண்ணீர் எடுக்கும் இடத்தை மேலே நகர்த்துவது என்ற முந்நூறு ஆண்டு உத்திக்கு இனி அதிக இடம் இல்லை. பாழூருக்கு மேலே போனால் மின்நிலையத்தின் வாசல் வந்துவிடும். ஆலுவாவுக்கு மேலே போனால் பூதத்தான்கெட்டு. செய்ய வேண்டியவை வேறு: கோடையில் பெரியாற்றின் வாய்வரை குறைந்தபட்ச நீர் ஓடுவதை மின்வாரியத்தின் வசதிக்கு விடாமல் சட்டமாக்குவது, கல்வத்திக் கால்வாயையும் கோயில் குளங்களையும் தூர்வாரி, கூரையில் விழும் அந்த 3,000 மில்லிமீட்டரில் ஒரு பங்கையாவது மட்டாஞ்சேரி மண்ணுக்குள் இறக்குவது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பெரியாற்றைப் பற்றிய பேச்சு முல்லைப்பெரியாறு அணையின் 142 அடி நீர்மட்டத்தில் தொடங்கி அங்கேயே முடிகிறது. அடுத்த முறை இரு மாநில அதிகாரிகள் உட்கார்ந்து ஆற்றின் கணக்கைப் பார்க்கும்போது, கடைமடையில் இருக்கும் மட்டாஞ்சேரிக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும்.